ஆடம்பரமும் அதன் உறவுச் சொற்களும்

தமிழ்ப் பாடத்தில் ஒத்தகருத்துச் சொற்கள் என்ற பகுதி எனக்கு எப்போதும் இலகுவாகவே இருந்தது. யோசிக்கத் தேவையில்லை, மனனம் செய்தால் போதும். "ஆடம்பரம் – பகட்டு, டாம்பீகம், படாடோபம், ஆரவாரம்" என்று தரம் 8இல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போட்டால் புள்ளி கிடைத்தது. அதனால் அவை எல்லாம் ஒரே சொல்தான், உடுப்பு மட்டும் வேறு என்று நினைத்திருந்தேன்.

உயர்தர வகுப்புக்கு வந்த புதிதில் எங்கள் தமிழ் ரீச்சர் ஒரு பயிற்சி தந்தார். அந்த ஐந்து சொற்களையும் வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். ஐந்தும் நாம் நேரில் கண்ட ஒரே நிகழ்வைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் ஊரில் ஒரு பெரிய கலியாணம் நடந்திருந்தது. நான் எழுதியது இது:

கலியாணம் ஆடம்பரமாக நடந்தது. மண்டபம் டாம்பீகமாக இருந்தது. மாப்பிள்ளை படாடோபமாக வந்தார். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த எங்கள் ஒழுங்கைப் பெண் ஒருத்தி கல் பதித்த அபாயா உடுத்துப் பகட்டாக வந்திருந்தாள். விருந்து ஆரவாரமாக முடிந்தது.

ரீச்சர் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். நான்காவது வாக்கியத்துக்கு வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சந்தோசமாக இருந்தது, நன்றாக எழுதிவிட்டேன் என்று. சிரிப்பு அடங்கிய பிறகுதான் இரண்டு வாங்கு தள்ளி உட்கார்ந்திருந்த ஒருத்தி தலையைத் தூக்காமல் கொப்பியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அந்தப் பெண்ணின் மகள் அவள். பெயர் எழுதவில்லை என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் கல் பதித்த அபாயா என்றாலே பெயர் எழுதிய மாதிரிதான்.

ரீச்சர் ஏசவில்லை. இரண்டு கேள்வி மட்டும் கேட்டார். "மண்டபத்துக்கு டாம்பீகம் தெரியுமா?" என்பது முதலாவது. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். இரண்டாவது கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. "பகட்டு என்றால் உள்ளே இல்லாதது வெளியே மின்னுவது. அந்தப் பெண்ணின் உள்ளே என்ன இல்லை என்று நீங்கள் கண்டீர்கள்?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்து ஐந்து வாக்கியங்களையும் திருத்தி எழுதி வரச் சொன்னார். மூன்று வாரம் எடுத்தது. நூலக அகராதிகளிலும் எங்கள் மூத்தம்மாவின் வாயிலும் தேடிக் கிடைத்தவற்றைத்தான் தோழியரே, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆடம்பரம். இது வடமொழியில் இருந்து வந்த சொல். அங்கே அதன் பழைய பொருள் ஒரு வகை முரசு! முரசின் பேரொலி, யானையின் பிளிறல், வாய்ச் சத்தம் என்று பொருள் விரிந்து, கடைசியில் ஆரவாரமான வாழ்க்கை என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. நாம் கண்ணால் பார்க்கிற விசயம் என்று நினைக்கும் ஆடம்பரம், பிறக்கும்போது காதால் கேட்கிற விசயமாக இருந்திருக்கிறது. இதைக் கண்டதும் தம்பட்டம் என்ற சொல் ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு பறைதான். தன்னைப் பற்றித் தானே பெரிதாகச் சொல்லித் திரிவதைத் தம்பட்டம் அடித்தல் என்கிறோம். ஆரவாரம் என்பதும் ஒலிதான். ஆர்ப்பாட்டமும் ஒலிதான், ஆனால் இன்று நம் நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் பதாகை பிடித்து வீதியில் நிற்பவர்கள்தான் மனதில் வருவார்கள், "ஆர்ப்பாட்டம் இல்லாத மனிதர்" என்று சொல்லும்போது மட்டும் பழைய பொருள் திரும்பி வருகிறது.

என் ஐந்தாவது வாக்கியம் ஏன் பிழை என்பது இங்கேயே விளங்கிவிட்டது. விருந்து ஆரவாரமாக முடியவில்லை. சஹன்களைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அமைதியாகச் சாப்பிட்டார்கள். பழைய காலக் கலியாணத்தில் பெண்கள் குரவையிட்டதையும் றபான் அடித்ததையும் மூத்தம்மா சொல்வார். ஆரவாரம் என்று எழுதப் பொருத்தமானது அதுதான். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆக, ஆரவாரம் இருந்தும் ஆடம்பரம் இல்லாமல் இருக்கலாம். ஒலிவாங்கியோடும் ஒளி விளக்குகளோடும் மண்டபத்தில் நடக்கும் இன்றைய கலியாணத்தில் ஆடம்பரம் இருந்தும் அந்த ஆரவாரம் இல்லை.

ஒரு சொல்லின் பொருளைச் சோதிக்க அதன் எதிர்க்கருத்துச் சொல்லைத் தேடிப் பார் என்று ரீச்சர் ஒரு வழி சொல்லித் தந்தார். ஆடம்பரத்துக்கு எதிர்க்கருத்து எளிமை என்றுதான் எழுதுவோம். சிக்கனம் என்றும் எழுதலாம். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது அத்தியாவசியம் என்ற சொல்லை வீட்டில் எல்லாருமே பாவித்தோம், கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் "இது அத்தியாவசியமா, ஆடம்பரமா?" என்று உம்மா கேட்பார். அப்படியென்றால் அதுவும் எதிர்க்கருத்துத்தான். ஒரே சொல்லுக்கு எதிரே மூன்று சொற்கள் நிற்கின்றன. எளிமை என்பது ஒருவர் வாழும் முறை, சிக்கனம் செலவழிக்கும் முறை, அத்தியாவசியம் என்பது பொருளின் தன்மை. ஆடம்பர வாழ்க்கை, ஆடம்பரச் செலவு, ஆடம்பரப் பொருள் என்ற மூன்று தொடர்களும் இந்த மூன்றுக்கும் நேர் எதிராக அமைகின்றன. மூன்றிலும் பொதுவாக இருப்பது தேவைக்கு மேற்பட்ட அளவு. அளவு என்பதால் அதைக் கணக்குப் பார்க்க முடியும். ஆடம்பரம் என்று ஒரு கலியாணத்தைச் சொன்னால் அதற்குப் பற்றுச்சீட்டு காட்டலாம்.

சொகுசு என்ற சொல்லை இதனோடு குழப்பக்கூடாது. கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய பஸ்ஸைச் சொகுசு பஸ் என்கிறோம், ஆடம்பர பஸ் என்பதில்லை. அதில் போகிறவரின் முதுகுக்கும் காலுக்கும் கிடைக்கிற சுகம் சொகுசு. வெளியே நிற்பவர் பார்க்க வேண்டும் என்ற தேவை அதற்கு இல்லை. ஆடம்பரத்துக்குப் பார்ப்பவர் வேண்டும். ஆனால் விளம்பரம் எழுதுகிறவர்கள் இந்த எல்லையை அழித்துவிட்டார்கள். "ஆடம்பரத் தொடர்மாடி வீடுகள்" என்று பெருமையாகப் போடுகிறார்கள், குற்றமாகச் சொல்லும் சொல்லை விலையாகச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், பெட்டி வடிவில் தங்க எழுத்தில் வருகிற அழைப்பிதழில் "எளிமையான முறையில்" என்று அச்சடித்திருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். எளிமை, பாவம், அந்தப் பெட்டிக்குள் எப்படித்தான் அடங்கியதோ.

படாடோபம் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. இதுவும் வடமொழிச் சொல்தான். பாம்பின் படம், அந்தப் படத்தை விரித்து உப்பிக் காட்டுதல் என்ற இரண்டும் சேர்ந்து உண்டானது. நாகம் படம் எடுத்து நிற்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதன் உடம்பு அப்போது பெருத்துவிடுவதில்லை, பெருத்த மாதிரித் தெரிகிறது. எதிரே நிற்பவரை அஞ்ச வைக்கத்தான் அது. ஆகவே படாடோபத்தில் அழகைக் காட்டும் எண்ணத்தை விட அதிகாரத்தைக் காட்டும் எண்ணமே கூட இருக்கிறது. பத்து வாகனம் முன்னும் பின்னும் வர, ஒலிபெருக்கி முழங்க வருகிற ஒருவரைச் சொல்ல இது சரியான சொல். எங்கள் மாப்பிள்ளை அப்படி வரவில்லை. வாகன ஊர்வலம் அப்படி வந்தது உண்மைதான். அதற்குள் அவர் வெட்கத்தில் கழுத்தைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஊர்வலத்தின் சொல்லை மனிதருக்குக் கொடுத்துவிட்டேன்.

டாம்பீகத்தின் வேர் டம்பம். வடமொழியில் அதற்குப் போலித்தனம், வஞ்சம் என்ற பொருள்கள் உண்டு. தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று நன்னூலில் படித்திருக்கிறோம். அதனால் பழைய எழுத்தில் இடம்பம் என்று இகரம் சேர்ந்து வரும். 19ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாத முதலியார் எழுதிய 'டம்பாச்சாரி விலாசம்' என்ற நாடகத்தின் பெயரிலும் இதே டம்பம்தான் இருக்கிறது. வீண் செலவு செய்து பெருமை காட்டுபவரை டம்பாச்சாரி என்பது அதன் பிறகு பேச்சிலும் வழங்கியது. டாம்பீகத்தில் எப்போதும் ஒரு மனிதரும் அவருடைய நடிப்பும் உண்டு. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது, கடன்பட்டு வாங்கியதைச் சொந்தக் காசு போல் பேசுவது, இவை டாம்பீகம். ரீச்சரின் முதல் கேள்வி இப்போது விளங்கியிருக்கும். மண்டபம் நடிக்காது. "டாம்பீகமான மண்டபம்" என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள் என்பதும் உண்மைதான். வழக்கில் வந்துவிட்டதைப் பிழை என்று சொல்ல நான் யார். ஆனால் டாம்பீகமாகப் பேசினார், டாம்பீகமாக நடந்துகொண்டார் என்று மனிதரோடு சேர்க்கும்போதுதான் அந்தச் சொல் தன் முழு பலத்தோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி, எனக்குத் தலைகுனிவு தந்த பகட்டு.

இது தமிழ்ச் சொல். பகட்டுதல் என்று வினையாகவும் வரும். மின்னுதல், மின்னி மயக்குதல், வெளித்தோற்றத்தால் ஏமாற்றுதல் என்பவை அதன் பொருள்கள். (பழந்தமிழ்ச் செய்யுளில் பகட்டு என்று கண்டால் மட்டும் அவசரப்பட்டு இந்தப் பொருளை எழுதிவிடாதீர்கள். பகடு என்றால் எருது. அது வேற்றுமை ஏற்கும்போது பகட்டு என்றாகும். பரீட்சையில் அங்கே மாட்டைத்தான் தேட வேண்டும்.) வெறும் மினுக்கத்தைச் சொல்லப் பளபளப்பு இருக்கிறது. நல்ல மினுக்கத்தைச் சொல்லப் பொலிவு இருக்கிறது. எடுப்பான நிறம் என்றால் கண்ணுக்கு இதமாக முன்னே தெரிகிற நிறம். பகட்டான நிறம் என்றால் அதே நிறத்தைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம் என்று அர்த்தம். நிறத்தில் வித்தியாசம் இல்லாமலும் இருக்கலாம். முகம் சுளிப்பது நாம்.

ஆடம்பரத்துக்கும் பகட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆடம்பரம் என்று சொல்லச் செலவைத் தெரிந்திருந்தால் போதும். பகட்டு என்று சொல்ல உள்ளே இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வெறுமை, வெளியே மின்னல் என்பதுதானே அதன் பொருள்? உள்ளே பார்க்காமல் அந்தச் சொல்லைப் பாவித்தால், "இவளுக்கு எங்கே இருந்து வந்தது இதெல்லாம்" என்ற எண்ணம்தான் அங்கே பேசுகிறது. என் கொப்பியைத் திரும்ப வாசித்தபோது கண்டேன்: இலட்சக் கணக்கில் செலவழித்தவர்களின் கலியாணத்துக்கு ஆடம்பரம் என்ற கனமான சொல்லைக் கொடுத்திருந்தேன். அதில் குறை சொன்னாலும் ஒரு மரியாதை இருக்கிறது. ஒரே ஒரு அபாயா உடுத்து வந்தவருக்குப் பகட்டைக் கொடுத்திருந்தேன். இன்னொன்றும் ரீச்சரின் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தது, நான் முதலில் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை "வந்தார்". அந்தப் பெண் "ஒருத்தி", "வந்திருந்தாள்". மாப்பிள்ளைக்கு வயது 26. அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

பவிசு என்ற சொல்லிலும் இதே கதைதான். பவிசு என்றால் செல்வச் சிறப்பு, மதிப்பு என்று நல்ல பொருளும் உண்டு. "பவிசாக வாழ்ந்த குடும்பம்" என்று முன்பு சொல்வார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலானோருக்கு அந்தச் சொல் ஒரு பழமொழி வழியாகத்தான் தெரியும்: அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். இரவில் மழையும் வெயிலும் இல்லாமல் ஏன் குடை என்று சிறுவயதில் சிரித்திருக்கிறேன். குடை ஒரு காலத்தில் வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. அரசனின் வெண்கொற்றக்குடை பற்றிப் படித்திருக்கிறோம். குடை பிடிப்பதும் செருப்பு அணிவதும் சில சாதியாருக்கு மட்டுமே உரியவை, மற்றவர்கள் செய்தால் குற்றம் என்று தென்னிந்தியாவில் பல இடங்களில் கட்டுப்பாடு இருந்தது. உடுப்பிலும் அப்படித்தான். தென் திருவிதாங்கூரில் தோளை மறைத்து மேலாடை அணிந்ததற்காக நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் அரசு அவர்களுக்கு மேலாடை உரிமையை அறிவித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணிவது போல் அணியக்கூடாது என்று நிபந்தனை போட்டது. இதைப் படித்த பிறகு அந்தப் பழமொழிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலில் குடை பிடிக்க விடாதபோது, பிடிக்க ஆசைப்பட்டவன் இரவில்தானே பிடிப்பான்?

மூத்தம்மாவிடம் போனேன். அகராதியில் இல்லாத இடத்தில் அவர் இருப்பார். "ஆடம்பரமா உடுக்கிறவங்கள ஊர்ல என்னண்டு சொல்லுவீங்க மூத்தம்மா?" என்று கேட்டேன். "ஆம்புளயா பொம்புளயா?" என்று திருப்பிக் கேட்டார். நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பெண்ணென்றால் மினுக்கிக்கிட்டுத் திரியிறாள் என்பார்களாம், தளுக்கு என்பார்களாம், குலுக்கு என்பார்களாம். மேனாமினுக்கி என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது, பெண்ணுக்கு மட்டும். ஆணுக்கு என்ன என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தார். "அவன் சவடால் அடிப்பான், பந்தா காட்டுவான்" என்றார். ஆண்களுக்கான சொற்கள் எல்லாம் பேச்சிலும் தோரணையிலும் நிற்கின்றன. பெண்களுக்கான சொற்கள் உடம்பிலும் உடுப்பிலும் நிற்கின்றன. மினுக்குதல் என்றால் உண்மையில் துலக்குதல். பாத்திரத்தை மினுக்கினால் பாராட்டு, முகத்தை மினுக்கினால் பழி.

மூத்தம்மா நல்ல சொற்களும் தந்தார். வீட்டைச் சோடிக்கிறது, மணப்பெண்ணைச் சோடிக்கிறது என்று அவர் சொல்லும் சோடனையில் ஒரு குறையும் இல்லை, அன்புதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜோடித்த வழக்கு என்றால் பொய்யாகப் புனைந்த வழக்கு. நம்மிடம் அந்த வாடையே இல்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் இலங்கை வழக்குச் சொற்களுக்கு 'இலங்.' என்று குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறியைத் தேடித் தேடி வாசிப்பது எனக்கு இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது.

மற்றது சோக்கு. ஒரு பொருள் அழகாக, மனதுக்குப் பிடித்த மாதிரி இருந்தால் "சோக்கா இரிக்கி" என்கிறோம். சிங்களத்திலும் ஷோக் என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஷோக்குப் பேர்வழி என்றால் உடுப்பில் மினுக்குகிறவர் என்ற கேலி. இது உருது வழியாக வந்த அரபுச் சொல். அரபியில் ஷவ்க் என்றால் ஏக்கம், தீராத விருப்பம். ஏக்கம் என்று புறப்பட்ட சொல் ஓர் இடத்தில் மினுக்காகவும் நம் இடத்தில் அழகாகவும் ஆகியிருக்கிறது.

அரபு என்றதும், நம் வீடுகளில் புழங்கும் மார்க்கச் சொற்களையும் பார்க்க வேண்டும். இவற்றில்தான் நாம் கூடத் தடுமாறுகிறோம். சிறுவயதில் பள்ளிக்கூடக் கூட்டத்தில் "உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன்" என்று ஒருவர் பேசியபோது நான் திடுக்கிட்டேன். குர்ஆன் மத்ரஸாவில் பெருமை கூடாது, அது பெரும்பாவம் என்று முதல்நாள்தான் படித்திருந்தேன். அங்கே பெருமை என்பது கிப்ர், ஆணவம். இங்கே மகிழ்ச்சியும் மதிப்பும். முகஸ்துதியும் அப்படித்தான். பொதுத் தமிழில் அது ஒருவரை அவர் முகத்துக்கு நேரே புகழ்வது. நம் மார்க்க நூல்களில் அது றியாவுக்குத் தமிழ்ச் சொல்: பிறர் பார்க்க வேண்டும் என்று நற்செயல் செய்வது. பொதுத் தமிழில் புகழ்கிறவர் செய்வது முகஸ்துதி, நம் வழக்கில் புகழை விரும்புகிறவர் செய்வது முகஸ்துதி. கட்டுரை எழுதும்போது வாசிப்பவர் யார் என்று பார்த்து எழுதாவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

றியா, பார்த்தல் என்ற பொருளுடைய வேரில் இருந்து வந்தது. அதற்குத் துணையாக ஸும்ஆ என்று ஒரு சொல் உண்டு. அது கேட்டல் என்ற வேரில் இருந்து வந்தது: பிறர் கேள்விப்பட வேண்டும் என்று செய்வது. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று! பகட்டையும் தம்பட்டத்தையும் தனித்தனியே வைத்திருக்கிற தமிழோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று வியந்தேன். செலவு மீறிப் போவதற்கு இஸ்ராஃப் என்று வேறு சொல் இருக்கிறது. ஆக, ஆடம்பரக் கலியாணத்தை இஸ்ராஃப் என்று ஒருவர் கண்டித்தால் அது பேசத்தக்க விசயம், கணக்கு எடுத்துப் பார்க்கலாம். ஆனால் யாராவது நல்லதைச் செய்தால் "அவள் றியாவுக்குச் செய்கிறாள்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை எப்படிச் சொல்கிறோம்? றியா இருப்பது நிய்யத்தில். அது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. பகட்டு பற்றி ரீச்சர் கேட்ட கேள்விதான் இங்கேயும்.

இவ்வளவும் தேடியதற்கு இடையில் ஒரு வேலையை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாம் வாரக் கடைசியில் நூலகத்துக்கு வெளியே அவளைப் பிடித்து, அந்த வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்றாள். பிறகு போகாமல் நின்றாள்.

"உம்மா வேல செஞ்ச ஊட்டு மேடத்துட்ட அப்பிடி ஒண்டு இருந்திச்சாம். அத அயன் பண்ணிக் குடுக்கிற நேரமெல்லாம், இது எவ்வளவு சோக்கா இரிக்கி, நானும் ஒருநாள் ஒண்டு உடுக்கணும் எண்டு நினைப்பாவாம். ஒம்பது வருசம் நினைச்சிக்கிட்டு இருந்திரிக்கா. எங்கட ஊட்டக் கட்டி முடிச்சிட்டுத்தான் வாங்கினா."

நம் கிழக்கில் வீடு மகளுக்குத்தான் கட்டப்படும் என்பது வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டை நான் தினமும் கடந்து போகிறேன். மதில் இன்னும் பூசவில்லை. அவளிடம் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் சொன்னதில் இருந்த சோக்கு, நம் ஊர்ச் சோக்கா, அரபியின் ஷவ்க்கா என்று மட்டும் யோசித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

திருத்தி எழுதிய வாக்கியங்கள் இவை:

கலியாணத்தின் ஆடம்பரம் அழைப்பிதழின் கனத்திலேயே தெரிந்தது.

புது வாகனத்தின் விலையை நாலு பேருக்கு டாம்பீகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஐந்தாவதாக வாப்பாவிடம் பெற்றோலுக்குக் காசு மாறினார்.

வாகன ஊர்வலம் படாடோபமாக வந்து நின்றது. அதில் இருந்து மாப்பிள்ளை கூச்சத்தோடு இறங்கினார்.

மேடையின் தங்கத் தூண்கள் பகட்டாக மின்னின. கிட்டப் போய்த் தொட்டபோதுதான் அவை ரெஜிபோம் என்று தெரிந்தது.

எங்கள் ஒழுங்கையில் இருந்து வந்தவர் கறுப்பு அபாயா உடுத்திருந்தார். அதன் கைகளில் பதித்திருந்த வெள்ளைக் கற்கள் விளக்கு வெளிச்சத்தில் சோக்காக இருந்தன.

ரீச்சர் வாசித்துவிட்டு ஐந்துக்கு நான்கு புள்ளி போட்டார். ஆரவாரம் என்ற சொல்லுக்கு நான் வாக்கியம் எழுதவில்லை, சோக்கு அவர் தந்த பட்டியலில் இல்லை. மகளிடம் கொடுத்து வீட்டில் காட்டச் சொல்லிவிட்டு, அடுத்த பாடத்தைத் தொடங்கினார். மரபுத்தொடர்கள்.